பொட்டுச்செடி போன கப்பல்

பொட்டலம் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். முதலில் மடிப்பு, பிறகு செக்கிங், அப்புறம் பேக்கிங். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி என்பதால் காற்று புகக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது, ஒரு தூசி தும்பு ஒட்டியிருக்கக்கூடாது. நான் கட்டிய பொட்டலம் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனமே கடல் தாண்டிப் போய் ஒரு காட்டைக் கெடுக்கும் என்று யார் கண்டார்கள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் காலை பஸ்ஸில் ராஜபாளையம் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். வீட்டில் நானும் என் தங்கச்சியும் மட்டும்தான். எனக்குப் பதினேழு வயதில் அப்பா போனார், அடுத்த வருஷமே அம்மாவும் போய்விட்டாள். தங்கச்சி என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்குச் சடை போட்டு, டிபன் பாக்ஸை அடைத்துக் கையில் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். எனக்கு வாய் நீளம். கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். யாரையும் கேட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்கிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. கேட்பதற்கு வீட்டில் பெரிய ஆள் யார் இருந்தார்கள்?

அந்தச் செடி எங்கள் கம்பெனி ஆபீஸ் முன்னால் இருந்தது. முதலாளி வீட்டம்மா கொடைக்கானல் போயிருந்தபோது அழகுக்காக வாங்கி வந்து தொட்டியில் வைத்தது என்று தோட்டக்காரர் சொன்னார். இடுப்பளவுதான் வளரும். மெல்லிய காம்பில் வெள்ளையாகப் பொடிப் பூ பூக்கும். அதே காம்பின் அடியில் சிவப்பாகப் பொடிப் பழம் தொங்கும். பூவும் பழமும் ஒரே நேரத்தில் இருக்கும், வருஷம் முழுக்க இருக்கும். வெயில் படாத இடத்தில்தான் அதற்குக் கொண்டாட்டம். விரலில் வைத்து நசுக்கினால் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சாறு வரும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கொத்தைப் பறித்து நசுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைத் துணியில் நாலு விரலும் பதிந்துவிட்டது. எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் அம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். "ஏமம்மா, வேலைக்கு வந்தியா, வெத்தல போட வந்தியா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு நல்ல டோஸ் விழுந்தது. ஆனாலும் சாயங்காலம் டிபன் பாக்ஸில் ஒரு கொத்துப் பழத்தைப் போட்டு மூடி எடுத்து வந்தேன்.

தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. பழத்தை நசுக்கி நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். கண்ணாடி முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை. மிச்சத்தைப் பின்கட்டில் குளிக்கிற தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம், சுவர் நிழலில் புதைத்து வைத்தாள். தினமும் போய்க் குனிந்து பார்ப்பாள். முளைத்தபோது அவள் போட்ட ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பொட்டுச்செடி என்று பேர் வைத்தவளும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் நெற்றியிலும் எங்கள் வீட்டுப் பழம்தான். அதன் நிஜமான பேர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவள் ப்ளஸ் டூ முடித்த வருஷம் ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குக் கூமாப்பட்டி. அந்தமானில் வனத்துறையில் வேலை, அரசாங்க உத்தியோகம், க்வார்ட்டர்ஸ் உண்டு, குடிப்பழக்கம் இல்லை. பையனின் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசினார். அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். தங்கச்சி டீச்சர் ட்ரெயினிங்குக்கு விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன். அப்பாவும் அம்மாவும் போன வேகத்தைப் பார்த்தவள் நான். நாளைக்கு நானும் பொசுக்கென்று போய்விட்டால் இவள் யார் வீட்டு வாசலில் நிற்பாள் என்கிற பயம் என்னை நிம்மதியாகத் தூங்க விட்டதில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் கடைக்குப் போய்விட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"பேசி முடிச்சிட்டியாக்கா?" என்றாள்.

"முடிச்சாச்சு."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா என்ன சொல்லிருப்ப?"

"அது கேட்டிருந்தாத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அழுதிருந்தால் நான் நாலு திட்டுத் திட்டிவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு நானும் அழுதிருப்பேன். அதற்கு இடமே கொடுக்காமல் கல்யாணம் முடிகிற வரை நான் சொன்னதை எல்லாம் செய்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில் ஏறும்போது, "வாரேன்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அங்கிருந்து கப்பல் என்றார்கள். மூன்று நாள் கடலிலேயே போகவேண்டுமாம். நான் கண்மாயைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்தவள் இல்லை.

அந்த வருஷம் தலைப்பொங்கல். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி போகவேண்டும். அப்பாவோ அண்ணன் தம்பியோ தலையில் சுமந்துகொண்டு போய் இறக்குவார்கள்: அரிசி, வெல்லம், காய்கறி, கரும்பு, வேரோடு பிடுங்கிய மஞ்சள்குலை. எங்கள் வீட்டில் அண்ணனும் நான்தான், அப்பாவும் நான்தான். அந்தமானுக்குக் கரும்பை எப்படி அனுப்புவது? மார்கழி பிறக்கும் முன்பே பார்சல் போட்டாகவேண்டும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். காய்ந்த சாமானாகச் சேர்த்தேன். விரலி மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, மிதுக்க வத்தல், அதலக்காய் வத்தல், மோர்மிளகாய். ஊரின் பேருக்காக ஒரு டப்பா பால்கோவாவும் வைத்தேன். அது போய்ச் சேரும்போது பூனை வால் மாதிரி பூசணம் பூத்திருந்தது என்று பிறகு மாப்பிள்ளை எழுதினார்.

எல்லாம் சேர்த்த பிறகும் மனசு ஆறவில்லை. பொங்கப்படியில் பச்சையாக, உயிரோடு ஒன்று போகவேண்டும் என்று அம்மா சொல்வாள். மஞ்சள்குலை அதற்குத்தான். அது அழுகிவிடும். யோசித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனபோது பொட்டுச்செடி கண்ணில் பட்டது.

இரண்டு கைநிறையப் பழம் பறித்தேன். ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, கம்பெனியில் கழித்துக் கொடுத்த பேண்டேஜ் துணியில் ஒரு வரிசை பழம், ஒரு மடிப்புத் துணி, மறுபடி ஒரு வரிசை பழம் என்று அடுக்கினேன். நடுநடுவே காய்ந்த வேப்பிலை. மேலே பாலித்தீன் உறை. அதன் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டினேன். பிறகு அதைச் சுற்றி இன்னொரு உறை. மொத்தத்தையும் காடாத் துணியில் வைத்துத் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்தேன். கப்பல் மூழ்கினாலும் என் பொட்டலம் மிதந்துபோய்ச் சேரும் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னேன். உள்ளே ஒரு துண்டுச்சீட்டில், "பொட்டுச்செடிப் பழம் வைத்திருக்கிறேன். நட்டுக்கொள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். எழுதவேண்டியது வேறு. அதற்குக் கை வரவில்லை.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. இன்லேண்ட் லெட்டரில் பாதிப் பக்கம்தான் எழுதியிருந்தாள். சாமான் வந்து சேர்ந்தது, அவிய நலம், நானும் நலம், நீ நலமா. பழத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மீதிப் பாதி நீல நிறத்தில் காலியாக இருந்தது. என் மேல் உள்ள கோபத்தை அவள் எழுதாமல் விட்ட அந்த இடத்தில் நான் படித்தேன்.

அடுத்த வருஷம் அவள் உண்டானாள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே. நான் பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, பழைய சேலைகளைத் துவைத்துக் கிழித்து, தொட்டில் கம்பு வாங்கி வைத்தேன். கம்பெனியில் லீவு சொல்லிவைத்தேன். கடிதம் வந்தது. கப்பலில் வர டாக்டர் சம்மதிக்கவில்லை, இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாள். ஐந்தாம் மாதத்தில் வந்திருக்கலாம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்தத் தொட்டில் கம்பை எடுத்து அடுப்பில் வைக்கப்போனேன். வைக்கவில்லை, பரணில் போட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கடிதத்தின் கடைசியில்தான் முதல்முறையாக ஒரு வரி வந்தது: "பொட்டுச்செடி வேலியோரம் நிறைய வந்திருக்கிறது."

அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். கம்பெனிக்குக் கொண்டுபோய் செக்கிங் மேசையில் எல்லோரிடமும் காட்டினேன். மேசையில் கண்ணாடிக்கு அடியில் ட்யூப்லைட் எரியும். அந்த வெளிச்சத்தில் துணியை ஓடவிட்டுத் தூசி பார்ப்போம். அந்தக் கண்ணாடி மேல் கடிதத்தை விரித்துவைத்து வாசித்தேன். "கோபமா இருக்கிறவ நட்டு வளப்பாளா? சொல்லுங்க" என்றேன். எல்லோரும் வளர்க்கமாட்டாள் என்றார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்வார்கள்?

அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடியது. ஒவ்வொரு பொங்கலுக்கும் மறக்காமல் பழம் போகும், வருஷத்துக்கு வருஷம் கூடுதலாக. அவள் கடிதம் அதே பாதிப் பக்கம்தான். என்றாலும் அதில் சில சமயம் செடி இருக்கும். வேலி தாண்டி வந்துவிட்டது. குருவிகள் நிறைய வருகின்றன. காட்டுப்பக்கம் எல்லாம் சிவப்பாக இருக்கிறது. என் தங்கச்சி அங்கே எனக்காக ஒரு நந்தவனமே போட்டிருக்கிறாள் என்று நான் பூரித்துப்போனேன். பிறகு ஒரு வருஷம், "இனிமேல் பழம் அனுப்பவேண்டாம்" என்று எழுதினாள். காரணம் எழுதவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்பது பழத்தையா, என்னையா என்று அந்த வரியையே வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்டு எழுதலாம்தான். ஆனால் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லையே.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை லீவுக்கு மூன்று பேரும் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜட்கா வந்து நின்றது. தங்கச்சி கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் பருத்து, காதோரம் இரண்டு நரையோடு இறங்கினாள். "ஏட்டி, உள்ள வா, காலக் கழுவு" என்று மட்டும் சொன்னேன். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். "ம்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். நான் காப்பி கலந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

அவள் கால் கழுவவில்லை. வாய்க்கால் ஓரம் குத்தவைத்து, பொட்டுச்செடியை அடியில் பிடித்து, சொடுக்கி வேரோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டுச் செடி பக்கத்தில் கிடந்தது. இழுப்பதும், மண்ணை உதறுவதும், வேரை மேலே பார்க்கப் போடுவதும் தறி ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெண், ஆறு வயது இருக்கும், வாசல்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது இங்கயும் வந்துருச்சா?" என்றது.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. காப்பி டம்ளரைத் துவைக்கிற கல்லில் டொக்கென்று வைத்தேன். "வந்து கால் வைக்கல, அதுக்குள்ள என் செடியப் பிடுங்கி எறியுதியே. எட்டு வருசமா மனசுல வச்சிருந்து இதுக்குத்தான் வந்தியா? என்னைய பிடுங்கி எறிய முடியலன்னு செடியப் பிடுங்குதியா?" என்று கத்தினேன். அவள் கையைப் பார்த்தாள். கையில் இருந்த செடியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"கை பாட்டுக்குப் போயிருச்சுக்கா" என்றாள்.

மாப்பிள்ளை ஓடிவந்தார். தங்கமான மனுஷர், சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. "மதினி, செத்த நேரம் உக்காருங்க, நான் சொல்லுதேன்" என்று என்னை உட்காரவைத்தார். அவர்கள் க்வார்ட்டர்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் தீவின் பெருங்காடு. நாலு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். எட்டு மாதம் மழை, அடியில் எப்போதும் நிழல். இந்தச் செடிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? பழத்தைக் குருவிகள் தின்று காட்டுக்குள் எச்சம் போட, போட்ட இடமெல்லாம் முளைத்துவிட்டது. அந்தக் காட்டில் அதைக் கடிக்கிற பூச்சி புழு எதுவும் கிடையாது. "பெரிய மரத்துக்கு அடியில பாய் விரிச்ச மாதிரி இதுவாத்தான் கெடக்கு மதினி. மரத்தோட விதை விழுந்தா எந்திரிச்சு வர எடமில்ல. கெழட்டு மரம் சாஞ்சா, அதுக்குப் பொறவு அங்க நிக்க ஒரு கன்னு இல்ல" என்றார். ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, இது எந்த வீட்டுச் செடி என்று கேட்டிருக்கிறார். வனத்துறைக்காரர் வீட்டுச் செடி என்று சொல்லவேண்டியிருந்ததாம். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை எல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் காட்டுக்குள் போய்ப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்த மழைக்கு ஒன்பது வருமாம்.

"இங்க பரவாயில்ல. இங்க கோடை அதக் கட்டிப்போட்டிருது. அங்க கட்டிப்போட ஆளில்ல" என்று முடித்தார்.

நான் என் கையைப் பார்த்தேன். மெழுகுவர்த்தியில் உறையை ஒட்டிய கை. கெட்டுப்போகாமல் போய்ச் சேரவேண்டும் என்று அத்தனை மெனக்கெட்டேனே, சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "எனக்கு என்ன தெரியும்? இவ ஆசையா நட்டு வச்சிருக்கான்னுதான வருசா வருசம் அனுப்புனேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

தங்கச்சி புருஷனைப் பார்த்தாள். அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவள் கல்லில் இருந்த காப்பியை எடுத்து, ஆறிப்போனதை ஒரே மடக்கில் குடித்தாள்.

"நான் நடலைக்கா" என்றாள். "எறிஞ்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"தலைப்பொங்கலுக்கு ஒன் பார்சல் வந்துச்சு. நட்டுக்கொள்ளுன்னு சீட்டு. அங்க மழைன்னா மழை, பேசிக்கிட ஒரு ஆளு கெடையாது, பாஷை தெரியாது. இவிய காட்டுக்குப் போயிட்டா நாள் பூரா நான் சுவரப் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ என்னடான்னா நட்டுக்கொள்ளுன்னு எழுதியிருக்க. எனக்கு வந்த ஆத்திரத்துல துணியப் பிரிச்சு, கைப்பிடி கைப்பிடியா எடுத்து வேலிக்கு அங்கிட்டு எறிஞ்சேன். கை ஓய்ற வரைக்கும் எறிஞ்சேன். அடுத்த வருசமும் எறிஞ்சேன். அதுக்கு அடுத்த வருசமும்."

"பொறவு ஏன் வந்திருக்குன்னு எழுதுன?"

"வந்துச்சே. பொய்யா எழுதுனேன்?" என்றாள். "நான் வேண்டாம்னு எறிஞ்சது, வேலியப் பிடிச்சிக்கிட்டு செவப்புச் செவப்பா நிக்கி. அப்பமும் எனக்குக் கோவம்தான். இதுக்கு மட்டும் இந்த மண்ணு எப்படிப் பிடிச்சுதுன்னு கோவம். பொறவு ஒரு நாளு பாப்பா, மூணு வயசு, அதுவா ஒரு பழத்த நசுக்கி நெத்தியில வச்சிக்கிட்டு வந்து நிக்கி. நான் சொல்லிக்குடுக்கவே இல்லக்கா. அன்னைக்கு அழுதேன் பாரு, கல்யாணத்துக்கு அழ வேண்டியதையும் சேத்து அழுதேன். அதுல இருந்து எறியல. தண்ணி ஊத்துனேன். வெளியூருக்காரங்களுக்குக் கன்னு பிடுங்கிக் குடுத்தேன். அப்புறந்தான் ஆபீசர் வந்தாரு."

அவள் கோபமாக எறிந்தும் அது வளர்ந்தது, ஆசையாகத் தண்ணீர் ஊற்றியும் அது வளர்ந்தது. இரண்டுக்கும் காடுதான் கஷ்டப்பட்டது. எனக்கு அந்த நேரத்தில் காட்டைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு சுவருக்குள் பதினெட்டு வயதுப் பெண்ணாக அவள் தனியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "கேட்டிருக்கணும்ட்டி. ஒன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நானும் செத்துப்போயிட்டா நீ என்ன செய்வன்னு பயந்துக்கிட்டுச் செஞ்சேன். தப்புத்தான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அழத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்தாள். பிடுங்கிப் போட்ட செடிகளை ஓரமாகக் கூட்டிவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு மாதம் இருந்தார்கள். நான் வேலைக்குப் போய்வந்தேன். அவள் சமைத்தாள். நாங்கள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவள் மன்னித்தாளா இல்லையா என்று தெரியாமல் எனக்குத் துணியில் கண் நிற்கவில்லை. சூப்பர்வைசர் அம்மா இரண்டு தடவை நான் பார்த்த துணிச் சுருளைத் திருப்பி அனுப்பினார். ஒரு சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவள் பின்கட்டில் இருந்தாள். பிடுங்காமல் மிச்சமிருந்த மூன்று பொட்டுச்செடிக்கும் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "காஞ்சு கெடக்கு, நீ ஊத்துறதே இல்லையா?" என்று அதட்டினாள். அந்த அதட்டல் எனக்குப் போதுமாயிருந்தது. ஆனால் முழுசாகப் போதவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து தங்கச்சி பெட்டியைக் கட்ட உட்கார்ந்தாள். நான் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துணியாக விரித்து, உதறி, மடிப்பு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வத்தலை முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக் கழுவினேன். ஆஸ்பத்திரித் துணிக்குக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. "ஒத்த விதை போகாது இந்த வீட்டுல இருந்து" என்றேன். தங்கச்சி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் பூப்போட்ட கவுனில் ஒரு பை இருந்தது. அதற்குள் விரலை விட்டேன். ஏழு பழம்.

பிள்ளை திருதிருவென்று முழித்தது. "பொட்டு வைக்க" என்றது.

நான் கையை நீட்டினேன். தங்கச்சி பழங்களை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நானும் போனேன். கங்கு கிடந்த அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசிப் பழத்தைப் போடாமல் விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். என் பக்கம் திரும்பி, மூக்கைச் சுருக்கிக் குறிபார்த்து, என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். சிறு பிள்ளையில் நான் அவளுக்கு வைத்த மாதிரியே, அழுத்தமாக. பிறகு விரலில் ஒட்டியிருந்த தோலையும் விதையையும் அடுப்புக்குள் வழித்துப் போட்டு, விரலைத் தீக்குப் பக்கத்தில் காட்டி உதறினாள். விதை பட்டென்று வெடித்தது.

கேட்கத் தெரியாதவளுக்குக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"அடுத்த பொங்கலுக்குப் பார்சல் போடல" என்றேன். "நான் வரட்டுமாட்டி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னையவா கேக்க?"

"ஒன்னையத்தான் கேக்கேன்."

வாசலில் மாப்பிள்ளை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டார். அவள் அடுப்பில் தண்ணீரைத் தெளித்தாள்.

"வா. வெறுங்கையோட வா" என்றாள். "ஒன்னைய வேலிக்கு அங்கிட்டு எறிய மாட்டேன்."